யோடருக்கு மட்டும் ஒரு வணக்கம்

பிளம் ஹாலோ தபால் நிலையத்துக்குள் லெட்டி ஹாலிடே நுழைந்தபோது, போஸ்ட்மாஸ்டர் ஹோமர் ஸ்டட்லர் டர்பன்டைன் தொட்டு நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயிண்ட் போவதாக இல்லை.

“என் வீட்டுக்காரர் குடிச்சுட்டு ஓட்டினார்னு எழுதினது யாரு?”

விபத்து அறிக்கையில் அப்படி எழுதியது ஹோமர்தான். செவ்வாய்க்கிழமை மேகம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தபோது, வெர்ன் ஹாலிடேயின் தபால் விமானம் மொட்டைக்குன்றில் மோதியது. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவரும் அவரே. செத்தவர் முகமெல்லாம் சாராய நெடி. நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்ததால், அந்த நெடியை அடையாளம் காண்பதில் ஊரில் யாருக்கும் சிரமமே கிடையாது.

“பீர்கூடத் தொடாத மனுஷன் சார் அவரு. என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல ‘குடிகாரன் மக’ன்னு கூப்பிடறாங்க.” இதை அவள் மூலையைப் பார்த்துச் சொன்னாள். அங்கே விசாரணைக்கு வந்திருந்த தபால் இலாகா இன்ஸ்பெக்டர் தேடியஸ் கிரிம் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, குன்றுக்குப் போய்ப் பார்ப்போம்” என்று எழுந்தார் கிரிம். ஹோமரும் கிளம்பினார். யாரும் கேட்காமலே காலையிலிருந்து அவர் இன்ஸ்பெக்டரின் உதவியாளர். புது நோட்டுப் புத்தகம்கூட வாங்கியாகிவிட்டது.

நொறுங்கிக் கிடந்த விமானத்திலிருந்து உடைந்த காம்பஸை, அதாவது திசைகாட்டியை, எடுத்து ஹோமரிடம் நீட்டினார் கிரிம். “மோந்து பாருங்க.”

“சாராயம்! இதுக்குள்ளயா ஒளிச்சு வெச்சிருந்தான்? கில்லாடி சார்!”

“ஒளிக்கலை. முள்ளு ஆட்டம் போடாம இருக்க, காம்பஸுக்குள்ள ஸ்பிரிட் ஊத்தி வெப்பாங்க. எல்லா விமானத்துலயும் இதேதான். உடைஞ்சா நேரா முகத்துல தெறிக்கும்.”

லெட்டி கண்ணை மூடித் திறந்தாள். ஹோமர் நோட்டில் ஒரு வரியை அடித்தார். அடிக்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“விமானத்துக் கடிகாரம் ரெண்டு நாப்பத்தொண்ணுல நின்னிருக்கு” என்றார் கிரிம். “தினமும் உங்க ஆபீஸை எப்பத் தாண்டுவார்?”

“ரெண்டு நாப்பதுக்கு, சார். ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கிட்டே வருவாரு. அடுத்தது யோடர் கொட்டகை, நாப்பத்திமூணுக்கு. சிவப்புக் கூரை. அங்க மட்டும் ஒரு றெக்கையைத் தாழ்த்தி வணக்கம் வெப்பாரு. யோடர் பொண்டாட்டிக்குத் தலைகால் புரியலை. ‘எங்களுக்கு மட்டும்தான்’னு சர்ச்சுல ஒரே பீத்தல். ஏன், நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?”

“வணக்கமா?” லெட்டி குழம்பினாள். “திரும்பறாருங்க. திரும்பினா ஒரு றெக்கை தாழத்தானே செய்யும்? சிவப்புக் கூரை வந்ததும் இடது பக்கம் திரும்பினா கணவாய். மேகம் இறங்கிட்டா கீழ கண்ணுக்குத் தெரியறது அந்தச் சிவப்பு ஒண்ணுதான்னு சொல்வாரு.”

“ஆனா அன்னிக்கு மூணு நிமிஷம் முன்னாலயே திரும்பிட்டார்” என்றார் கிரிம். “உதவியாளரே, கீழ பாருங்க. தண்டவாளத்தோரம் எத்தனை சிவப்புக் கூரை?”

ஹோமர் உற்சாகமாக எண்ணினார். “யோடரோடது ஒண்ணு. அப்புறம்... ரெண்டு, சார்!”

இரண்டாவது தபால் நிலையத்தின் கூரை. பென்சில் நின்றுவிட்டது.

“எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?” கிரிமின் குரல் உயரவேயில்லை.

“ஞாயித்துக்கிழமை.” ஹோமர் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். “திங்கக்கிழமை வெயில். நேராப் போயிட்டாரு. செவ்வாக்கிழமை... மேகத்துக்கு அடியில, எங்க கூரைக்கு மேல, றெக்கையைத் தாழ்த்தினாரு.”

“நீங்க பார்த்தீங்களா?” என்றாள் லெட்டி.

“பார்த்தேம்மா. தொப்பியைக் கழட்டி ஆட்டினேன்.”



“அதையும் எழுதுங்க” என்றாள் லெட்டி. “தொப்பியையும் சேர்த்து.”

மறுநாள் தபால் நிலையக் கதவில், எல்லோரும் படிக்கும் உயரத்தில், ஹோமர் தன் கையாலேயே எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. தொப்பி கடைசி வரியில் இருந்தது. இரண்டு நாற்பதுக்குப் புது விமானி வந்தார். தெருவே அண்ணாந்து பார்த்தது. கூரை மேல் கறுப்புப் பெயிண்டும் தூரிகையுமாக மண்டியிட்டிருந்த ஹோமர் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.