பதினோரு மணிக் காற்று

"தப்பு யாரோடதுன்னு தெரியணுங்க. என் வீட்டுக்காரரா இருந்தாலும் மறைக்காதீங்க" என்றாள் வந்தவள்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காராமலேயே சொல்லி முடித்தாள். மூன்று நாளுக்கு முன், காலை பதினோரு மணிக்கு, ஒரு கட்டடத்தின் நான்காம் மாடிக்குக் கண்ணாடிப் பலகை ஏற்றும்போது, அது சுழன்று சாரத்தில் மோதி நொறுங்கியது. கீழே நின்ற அவள் தம்பிக்குக் கால் முறிந்தது. கிரேனை இயக்கியவர் அவள் கணவர். காற்று பலமாக அடித்தது என்கிறார் அவர். காற்று அளவோடுதான் இருந்தது, கவனக்குறைவு என்கிறார் மேற்பார்வையாளர். நாளை விசாரணை. கணவரின் கிரேன் உரிமம் பறிபோகலாம். அந்த மூன்று நாளும் அவள் கணவரோடு பேசவில்லை.

பக்கத்தில் இருந்த துப்பறிவாளரின் சகலை, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவராகவே தெரியும் அவருக்கு. கிரேன்காரர் குடித்திருப்பார் என்று வாயெடுத்தார்; அவள் பார்த்த பார்வையில் இருமிச் சமாளித்தார்.

இருவரும் போய்ப் பார்த்த வேலையிடம், வடக்குத் தெற்காக ஓடும் குறுகிய தெருவில் இருந்தது. கட்டடம் கிழக்குப் பக்கம். மேற்கே, தெரு நீளத்துக்கும் ஒரே எட்டு மாடிச் சுவர். சாரத்தில், காற்றின் வேகமும் திசையும் காட்டும் காற்றுமானி தொங்கியது. அதன் திரை இருண்டிருந்தது; வேலை நின்றதால் அணைத்துவிட்டார்கள் என்று சகலை தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். மூலையிலிருந்த இஸ்திரிக்கடைக்காரர், விபத்து நடந்த நேரத்தில் கொடியிலிருந்து பறந்த இரண்டு சட்டைகளைத் தெருவின் தெற்குக் கோடியில் போய்ப் பொறுக்கி வந்ததாகப் புலம்பினார்.

மேற்பார்வையாளர் குறிப்பேட்டை நீட்டினார். ஒவ்வொரு முறை தூக்குவதற்கு முன்பும் காற்றுமானியைப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. எழுத்து முத்து முத்தாக இருந்தது: பதினோரு மணி, மேற்குக் காற்று, வேகம் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். முப்பதைத் தாண்டினால்தான் நிறுத்த வேண்டும். துப்பறிவாளர் தம் கைப்பேசியில் அன்றைய வானிலை முன்னறிவிப்பைத் தேடி எடுத்தார். பதினோரு மணி, மேற்கு, பதினெட்டு.

"ரெண்டும் அப்படியே ஒத்துப்போகுதே சகலை. அப்போ மேற்பார்வையாளர் சொல்றதுதான் நிஜம்" என்றார் நடத்துநர்.

"ஒத்துப்போறதுதான் இடிக்குது" என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் காலை, விசாரணைக்கு முன், தகரக் கொட்டகை அலுவலகத்தில் எல்லாரும் கூடினார்கள். கிரேன்காரர் தலை நிமிரவில்லை. அவர் மனைவி எதிர்ச் சுவரோரம் நின்றாள்.

துப்பறிவாளர் குரலை உயர்த்தாமல் பேசினார். முன்னறிவிப்பு ஊர் முழுவதற்கும் பொதுவானது. திறந்தவெளியில் அடிக்கும் சராசரிக் காற்றைச் சொல்வது. அதற்குக் கீழேயே, இடையிடையே நாற்பத்தைந்து வரை வீசும் என்று இன்னொரு வரி இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

"மேற்கே எட்டு மாடிச் சுவர் இருக்கு. ஊருக்கு மேற்குக் காத்து அடிச்சாலும், இந்தத் தெருவுக்குள்ள வடக்கு முனையாலயோ தெற்கு முனையாலயோதான் அது நுழைய முடியும். இடுக்குல நுழையறப்ப வேகமும் கூடும். சட்டை தெற்கே பறந்திருக்கு; அப்போ காத்து வடக்கேயிருந்து வந்திருக்கு. சாரத்துல தொங்கற மானி மேற்குன்னு காட்டியிருக்கவே முடியாது. நீங்க மானியப் பார்க்கல. போனைப் பார்த்து எழுதியிருக்கீங்க."

மேற்பார்வையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மானியில பேட்டரி போய்ப் பத்து நாளாச்சு. எல்லாரும் போனைப் பார்த்துத்தாங்க எழுதறாங்க" என்றார்.

சகலை, கிரேன்காரரின் மனைவி பக்கம் திரும்பி, இனிக் கவலையில்லை என்பதுபோல் கையை விரித்தார். கிரேன்காரர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"நான் வாக்கிடாக்கில மேற்பார்வையாளரைக் கேட்டேன். பதினெட்டுதான், தூக்குன்னாரு. ஆனா பாதி ஏறுறப்பவே பலகை ஆடுறது என் கைக்குத் தெரிஞ்சுது. இறக்கியிருக்கணும். அவர் சொன்ன நம்பரை நம்பிட்டேன்."

உரிமத்துக்கு ஆபத்தாகலாம், விசாரணையில் இதைச் சொல்ல வேண்டுமா என்று சகலை முணுமுணுத்தார். ஆனால் அவள் கேட்டது முழு உண்மையை. அது இப்போதுதான் முழுசாக வந்திருந்தது.

அவள் சுவரை விட்டு நகர்ந்து கணவர் முன் வந்து நின்றாள்.

"இதைத் தம்பிகிட்டயும் சொல்லுங்க. விசாரணை முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

மூன்று நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான்.