வாலுக்குப் பின்னால் ஒருவர்

அந்த அம்மாள் கதவைத் தட்டியபோது பெரியவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். வாகன விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றது அவருக்குத்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது. சந்தேகம் என்று வந்தால் இன்னும் இந்த வாசலைத்தான் மிதிப்பார்கள். அப்படி யாராவது வந்தால் அவருடைய மாப்பிள்ளைக்கு மூக்கில் வியர்த்துவிடும். மாப்பிள்ளைக்கு வங்கியில் காசோலைகளைச் சரிபார்க்கும் வேலை. மனைவியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருகிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு விடுமுறைதோறும் வந்துவிடுவார். வருவது மாமனாரின் வழக்குகளுக்காக என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இப்போதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ். கணவரைப் பறிகொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அழுது ஓய்ந்த முகமாக அது தெரியவில்லை. அழுவதற்கு இன்னும் வேளை வராத முகமாக இருந்தது.

அவர் சொன்னது இதுதான். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு எழுத்து விட்டுப்போனால்கூட இரவு தூங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊர் சைக்கிள் கிளப்போடு வெளியே போய்வருவார். கூட்டத்தில் அவருக்கு நிரந்தரமாக ஒரு வேலை இருந்தது. எல்லாருக்கும் கடைசியாகப் போகவேண்டும், யாரையும் பின்னால் விட்டுவிடக்கூடாது. அதனால் அவருக்கு 'வால்' என்றே பெயர். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு திருப்பத்தில் பாறையில் மோதி இறந்துபோனார். சைக்கிளின் இரண்டு பிரேக் வயரும் அறுந்து கிடந்தன. அவற்றை முதல் நாள்தான் புதிதாக மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் அந்த அம்மாளின் தம்பி, சைக்கிள் கடைக்காரர்.

"மட்டமான வயரப் போட்டு அக்கா தாலிய அறுத்துட்டான்னு ஊரே பேசுது. அவன் கடையத் திறக்கறதில்ல, சாப்பிடறதில்ல. நானும் அவன்கிட்டப் பேசல. என்னால முடியல. அவன் தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எனக்கு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். ரெண்டுல ஒண்ணு தெரியாம அவன் முகத்தப் பாக்க முடியாது ஐயா."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தம்பியின் கடையில் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. உள்ளே கிரீஸ் நாற்றமும் இருட்டும். போலீஸ் திருப்பிக் கொடுத்த சைக்கிளை மூலையில் சாய்த்து வைத்து, அதன் எதிரிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் தம்பி. நெடுநாள் நோயில் கிடந்தவர் போல இளைத்திருந்தார். சைக்கிளை அவர் தொடவே இல்லையாம். தொட மனசு வரவில்லை என்றார்.

மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டு வயர்களைப் பார்த்தார். சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. மாமனாரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதோரம் சொன்னார்.

"மாமா, இழுத்து அறுந்த வயர் நுனி துடைப்பம் மாதிரி பிரிஞ்சிருக்கணும். இது ரெண்டும் கட்டிங் பிளேயரால நறுக்கினது. இது விபத்தே இல்ல, கொலை. வயர்ல கடைசியா கை வச்சது யாரு?"

கடைசியாகக் கை வைத்தவர் காதிலும் அது விழுந்துவிட்டது. தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. பெரியவர் மட்டும் வயரைப் பார்க்காமல் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து, செயின் எந்தப் பல்சக்கரத்தில் கிடக்கிறது என்று பார்த்தார். பெரிய பல்சக்கரத்தில் கிடந்தது. அதைத் தன்பாட்டுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டு, அந்தச் சைக்கிளை யாரும் தொடவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்து மலை. வழிகாட்ட வந்தவர் கிளப்பில் இருந்த கணக்கு டீச்சர். நல்ல பெண்மணி, ஆனால் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிற்கும். அவர் வாயிலிருந்து கிளப்பின் வழக்கங்கள் எல்லாம் வந்தன. புறப்படுமுன் எல்லாரும் வட்டமாக நின்று பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பார்க்கவேண்டும். அன்றும் பார்த்தார்கள், வாலின் பிரேக் கல்லாகப் பிடித்தது. எல்லாருக்கும் பின்னால் வால், வாலுக்கும் பின்னால் கிளப்பின் வேன். முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் வாலிடம் சொல்லிவிட்டு ஏறவேண்டும். ஏறியவருக்கு ஒரு வாரம் 'மூட்டை' என்று பெயர். கேலி தாங்காமல் கிளப்பை விட்டே போனவர்கள் உண்டு என்று டீச்சர் சிரித்தார். பிறகு, சிரித்திருக்கக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

அன்று வேன் ஓட்டியவர் கிளப்பின் தலைவரான பல் டாக்டர். முழங்கால் வலி என்று அவர் சைக்கிளை எடுக்கவில்லை. மலை உச்சியை அடையும்வரை வெயில் காய்ந்தது. உச்சியில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பயணியர் நிழற்குடையில் ஒதுங்கி நின்று, மழை விட்டதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். டீச்சர் புறப்படும் நேரத்தில், எல்லாரும் போயாச்சா என்று வால் கேட்டதும், எல்லாரும் இறங்கியாச்சு, நீ போ என்று பல் டாக்டர் சொன்னதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வால் பிரேக் பிடிக்காமல் பாய்ந்து போனதை வேனிலிருந்தே பார்த்ததாக டாக்டர் போலீசில் சொல்லியிருந்தார்.

உடல் கிடந்த திருப்பத்தில் பெரியவர் வெகுநேரம் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கீழே வளைந்து வளைந்து போகும் பாதை அடிவாரக் காப்பிக்கடைவரை தெரிந்தது. போகிற ஆட்கள் எறும்பு வரிசையாகத் தெரிந்தார்கள். எண்ணிவிடலாம்.

கடைசியாக அன்று எடுத்த போட்டோ எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். டீச்சரின் போனில் ஒன்று இருந்தது. கிளப்பின் பெயர் முதுகில் அச்சடித்த மஞ்சள் பனியன்களை அன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்தார்கள். அதனால் காப்பிக்கடை வாசலில் எல்லாரும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வால் வந்த பிறகுதான் போட்டோ எடுப்பது வழக்கமாம். அன்று கடைசியாக வந்து சேர்ந்த மருந்துக்கடைக்காரர், வால் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று சொன்னதால், சரி, ஒன்று எடுத்துவைப்போம் என்று எடுத்தார்களாம். போட்டோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, எல்லாம் முதுகாக இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். பெரியவர் போனைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை பல் டாக்டரின் கிளினிக்கில் கூட்டம். கிளப் எப்போதும் அங்கேதான் கூடும். பல் பிடுங்கும் நாற்காலிக்கு வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுகளில் டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் அம்மாள் கதவோரம் நின்றார். தம்பி வரமாட்டேன் என்றுவிட்டார். வாசலில் வேன் நின்றது. அதன் ஒரு முன்விளக்கு மஞ்சள் பூத்துப் பழசாகியிருந்தது, இன்னொன்று பளிச்சென்று புதுசாக இருந்தது. பெரியவர் உள்ளே வரும்போது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"வயர்களை யாரோ நறுக்கியிருக்காங்க. என் மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சார்," என்று ஆரம்பித்தார்.

டாக்டர் பெருமூச்சு விட்டு, அந்தப் பையனைப் பற்றித் தனக்கு முதலிலிருந்தே ஒரு மாதிரிதான் என்றார். நர்ஸ் அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க டாக்டர். அன்னிக்குக் காலைல வட்டமா நின்னு பிரேக் பார்த்தீங்க. கல்லு மாதிரி பிடிச்சுது. பாதி மலையும் அந்தப் பிரேக்லதான் இறங்கியிருக்கார். அப்ப நறுக்கினது எப்ப? அவர் விழுந்ததுக்கு அப்புறம்."

மாப்பிள்ளை தொடையில் தட்டிக்கொண்டார். தும்பை விட்டு வாலைப் பிடித்தது தாம்தான் என்று அவருக்கு அப்போது உறைத்தது.

"பாய்ஞ்சு இறங்கினதப் பார்த்ததா நீங்க சொன்னீங்க. அவர் சைக்கிள்ல செயின் பெரிய பல்சக்கரத்துல இருக்கு. அது மேடு ஏற மாத்தற கியர். இறக்கத்துல அதப் போட்டா கால் சும்மா சுத்தும், அதனால உச்சியிலேர்ந்து கிளம்பினதுமே சின்னதுக்கு மாத்திடுவாங்க. விழுந்த வேகத்துல செயின் கழண்டு தொங்கலாம், ஆனா மிதிக்காம ஒரு பல்லுலேர்ந்து இன்னொரு பல்லுக்கு வரிசையா ஏறாது. அவர் இறங்கிட்டு இருக்கல டாக்டர். ஏறிட்டு இருந்தார்."

ஏன் ஏறவேண்டும் என்று டீச்சர் கேட்டார்.

"அவர் வேலையே அதுதானேம்மா. அந்தத் திருப்பத்துல நின்னா கீழ போற தலையெல்லாம் தெரியும். எண்ணியிருக்கார். ஒரு தலை குறைஞ்சிருக்கு. யாரையோ மலைமேல விட்டுட்டு வந்துட்டோமேன்னு திரும்பி ஏறியிருக்கார். எதிர்ல இறங்கி வந்தது என்ன? வாலுக்குப் பின்னால வர்றது உங்க வேன் ஒண்ணுதான்."

பெரியவர் டீச்சரின் போனை வாங்கி மருந்துக்கடைக்காரரின் மடியில் வைத்தார்.

"இந்த சைக்கிள்களுக்கு மட்கார்டு கிடையாது. ஈர ரோட்டுல இறங்கினா பின்சக்கரம் வாரி அடிக்கிற சேறு முதுகுல கோடு போட்டுடும். இங்க எல்லார் முதுகுலயும் கிளப் பேர் மேல அந்தக் கோடு இருக்கு. ஒரே ஒரு முதுகு மட்டும் துவைச்சுப் போட்ட மாதிரி இருக்கு. அது யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும்."

மருந்துக்கடைக்காரர் போட்டோவைப் பார்க்கவில்லை. பேசாதே என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பேசிவிட்டார். ஏறும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஏற்கெனவே ஒருமுறை மூட்டை ஆகியிருந்தார். தன் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள்வரை அந்தப் பெயர் பரவி, ஆறு மாதம் அவரை விடவில்லை. மழையில் எல்லாரும் ஒதுங்கி நின்ற நேரம் பார்த்து, டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு, சைக்கிளோடு வேனின் பின்பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டார். அடிவாரத்துக்கு ஒரு திருப்பம் முன்னால் இறங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"வளைவுல திடீர்னு எதிர்ல வந்தார். டாக்டர் பிரேக் அடிச்சும் நிக்கல. வெளிய தெரிஞ்சா கிளினிக்கும் போச்சு, மானமும் போச்சுன்னார். பிரேக் போனதா இருக்கட்டும்னு அவர்தான் வயர நறுக்கினார். முதல்ல உன்னைக் கீழ விட்டுட்டு வரேன், அப்புறம் நானே பார்த்த மாதிரி போன் பண்றேன்னார். நான் தலையாட்டினேன்."

நர்ஸ் அம்மாள் கதவை விட்டு அவர் எதிரில் வந்து நின்றார். வார்டில் கேட்பது போலச் சாதாரணக் குரலில்தான் கேட்டார்.

"நாடி பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இருந்துச்சா?"

மருந்துக்கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். "இருந்துச்சும்மா. கண்ணத் திறந்து என்னைப் பார்த்தார். 'நீ வந்துட்டியா, அப்ப கணக்கு சரி'ன்னு சொன்னார்."

அந்தக் கணக்கைச் சரிபார்க்கப் போனவரை அங்கேயே போட்டுவிட்டு வந்துதான் போட்டோவுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். பெரியவர் சொல்லி வைத்து வெளியே காத்திருந்த இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். டாக்டர் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவர்தான் இழவு வீட்டில் முன்வரிசையில் நின்று, சைக்கிள் கடைக்காரர்களின் பொறுப்பின்மை பற்றிப் பேசியிருந்தார். மாப்பிள்ளைக்கு அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. மாமனார் தோளில் கை வைத்ததும் உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் அம்மாள் யாருக்கும் காத்திருக்கவில்லை. நேரே தம்பி கடைக்கு நடந்தார். மாமனாரும் மாப்பிள்ளையும் கொஞ்சம் பின்தங்கியே போய்த் தெருவிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே தம்பி அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, அடி வாங்கத் தயாராக நிற்பவர் போல நின்றார்.

"பிரேக் நல்லா இருந்துச்சுடா," என்றார் அவர். "கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சு."

தம்பி நம்பவில்லை. யார் சொன்னது என்று கேட்டார். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. வேன், வயர், நாடி, கடைசியாகச் சொன்ன வார்த்தைவரை சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டே போய்ச் சைக்கிளின் பிரேக் பிடியில் கை வைத்து அழுத்தினார். வயர் அறுந்த பிடி தொளதொளவென்று ஆடியது.

"பழைய பிரேக்ல சத்தம் வருதுன்னு அத்தான்தான் மாத்தச் சொன்னார்க்கா. நல்ல வயராத்தான் போட்டேன். இருக்கறதுலயே நல்ல வயரு."

"தெரியும்டா," என்று சொல்லி அவர் தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கணவர் போன நாளிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார்.