நாற்பத்து மூன்றாவது கை

கணினித் திரையில், முதல் படத்தில் நின்ற கிழவரின் கை நேற்று நெஞ்சுக்கு நேராக இருந்தது. இன்று தோளுக்கு வந்திருந்தது.

பெனினா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். சுனாமி வடிந்த மூன்றாம் வாரம் சமோவாவின் தென்கரை முழுக்க நடந்து அவள் எடுத்த படங்கள் அவை. தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டுவார்கள். அவள் படம் எடுத்து, தரையிலிருந்து கைவரை அளந்து எழுதிக்கொள்வாள். அலை ஏறிய உயரம் என்று தன் கணினிக் கணக்கு சொல்வது சரியா என்பதை அந்த அளவுகளை வைத்துத்தான் சோதித்தாள். நாற்பத்திரண்டு இடங்களில் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாத ஒன்றை அழித்துவிட்டாள்.

அது பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த லோசா காட்டியது. இடிந்த பள்ளிக்கூடத்தின் மேல்படியில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிக் காட்டினாள்.

"கை எட்டுற வரைக்கும் புள்ளயத் தூக்கிப் பிடிச்சேன்மா. தண்ணி அதுக்கும் மேல போயிடுச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. கம்ப்யூட்டர் இதுல பாதிதான் காட்டுது."

"உன் கம்ப்யூட்டர் அன்னிக்கு எங்க நின்னுச்சாம்?"

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். பெனினாவும் சிரித்தாள். அன்று மாலையே 'நினைவுப் பிழை' என்று குறித்து அந்த வரியையும் படத்தையும் நீக்கினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பேச்சைவிட, தன் கணக்கில் வளையாத ஒரு கோடு அவளுக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசியது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் அவள் வரைபடத்தை நம்பித்தான் பள்ளிக்கூடத்தை அதே இடத்தில் திரும்பக் கட்டப்போகிறார்கள். திங்கட்கிழமை கையெழுத்து.

சனிக்கிழமை மதியம், குன்றின் மேலிருந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டியது, எந்த வீட்டிலோ சீமைப்பலா சுடும் வாசனை வந்தது, மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. இவற்றுக்கெல்லாம் அடியில், முதலில் மழை என்றே அவள் நினைத்த வேறொரு சத்தம், சுவருக்குள் ஏதோ மெல்ல நிரம்புவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடவே சேறும் உப்பும் டீசலும் கலந்த வாடை. அந்த மூன்றாம் வாரத்து வாடை.

போன் அடித்தது. மேலதிகாரி அலபாத்தி.

"என்ன பெனினா, சனிக்கிழமையும் ஆபீஸா? வீட்டுல துரத்திட்டாங்களா? திங்கக்கிழமை மினிஸ்டர் வர்றாரு. எல்லாம் பொருந்துதுல்ல?"

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அவள் எழுதி வெளியான கட்டுரை, கிடைத்த கைதட்டல், இனி வரப்போகும் கேள்விகள் எல்லாம் முன்னால் வந்து நின்றன.

"பொருந்துதுண்ணே."

போனை வைத்தபோது காது எரிந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

திரையில் கிழவரின் கை தலைக்கு மேல் போயிருந்தது.

அடுத்த படம். அதற்கடுத்தது. எல்லோருடைய கையும் மேலே. இரண்டு கைகளும். எதையோ ஏந்துவதுபோல் விரித்த உள்ளங்கைகள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

நாற்பத்திரண்டு. அதற்கு மேல் படம் கிடையாது. நாற்பத்து மூன்றாவதை அவளே அழித்திருந்தாள்.

இருந்தது.

லோசா இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. ஒரு வெறும் சுவர். ஆணியில் ஒரு காலண்டர். அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கும் அதே காலண்டர்.

கணுக்காலில் குளிர். முழங்காலில். பின்வாங்கினாள். முதுகு சுவரில் பட்டது. ஈரம்.

"எழுதிடறேன்க்கா," என்றாள். "இப்பவே சேர்த்துடறேன்."

எட்டிப் பார்த்தாள். கீபோர்டு தண்ணீருக்குள் கிடந்தது.

இடுப்பு. நெஞ்சு.

அவள் தூக்கவில்லை. கைகள் தாமாகவே எழுந்தன. தலைக்கு மேல். எட்டும் வரை.

உள்ளங்கைகளில் ஏதோ வந்து உட்கார்ந்தது. சின்னது. நனைந்தது. இரண்டு குட்டிக் குதிகால்கள் அவள் மணிக்கட்டை உதைத்தன.

எந்த முகத்தோடு அதை ஏறிட்டுப் பார்ப்பாள்? நுனிக்காலில் நின்றாள், தூக்கிப் பிடித்தபடி. தண்ணீர் மோவாயைத் தொட்டது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.