முழங்கால் உயரம்

மேசைக்கடியில் வைத்த கொசுவர்த்தி மறுபடியும் அணைந்துபோயிருந்தது. நமத்த சுருளாக இருக்கும் என்று பம்பு ஆபரேட்டர் அதை மேசைமேல் வைத்துப் பற்றவைத்தான், ஒழுங்காகப் புகைந்தது. கீழே வைத்தான். கங்கு செத்தது. கொசுவே கடிக்கவில்லையே, பிறகென்ன என்று விட்டுவிட்டான். கொசு ஏன் இல்லை என்று அவன் யோசிக்கவில்லை.

அந்த அறை தரைக்குக் கீழே கிணறு மாதிரி தோண்டிக் கட்டியது. ஏறி இறங்க ஓர் இரும்பு ஏணி, உச்சியில் ஆள் நுழையும் ஓட்டை. ஆலையின் கரியமில வாயுவை வானத்துக்கு விடாமல் பிடித்து, அழுத்தி, பூமியின் வயிற்றுக்குள் இறக்குவதுதான் அங்கே வேலை. அந்தப் புண்ணியத்தில் கம்பெனியின் புகைபோக்கிகள் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றன. கனத்த வாயு தரையோடு தவழும் என்பதால் கசிவு அலாரத்தை முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். அது ஓயாமல் கத்தியது. ஒவ்வொரு கத்தலும் கம்பெனியின் கசிவுக் கணக்கில் ஏறுகிறதே என்று மேனேஜருக்கு வயிற்றெரிச்சல். "கொஞ்சம் மேல மாட்டுப்பா, அதுவும் காத்து வாங்கட்டும்" என்றார். ஆபரேட்டர் தன் கையாலேயே அதைத் தலைக்கு மேலே மாட்டினான். அன்றிலிருந்து அலாரம் வாய் திறக்கவில்லை. கசிவே இல்லாத ஆலை என்று மேனேஜருக்கு மேடையில் மாலை விழுந்தது.

மூலையில் ஆபரேட்டரின் மனைவியின் தம்பி, ஃபிட்டர், வால்வுக்கடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். வேலை செய்தால் சீட்டியடிக்காமல் இருக்கமாட்டான். சுருதி மட்டும் எந்த ஜென்மத்திலும் சேராது. "தம்பிய உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்று தினமும் சாப்பாட்டுத் தூக்கை நீட்டும்போது மனைவி சொல்வாள்.

சீட்டி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. பம்பின் உறுமல் மட்டும் சுவரெல்லாம் ஊர்ந்தது. சோடா குடித்துப் புரையேறியது போல மூக்கில் ஒரு காரம். விளக்கைச் சுற்றிய பூச்சிகள் தரையில் கிடந்தன, அவற்றுக்கிடையில் ஓர் எலி. ஆபரேட்டர் தீக்குச்சியைக் கிழித்து மெல்லக் கீழே இறக்கினான். இடுப்பருகே அணைந்தது. இன்னொன்று. நெஞ்சருகே அணைந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தான். பையனின் காலைப் பிடித்து இழுத்து, தூக்கி, ஏணியோடு சாய்த்தான். மேலே போய்க் கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று ஏறினான். நாலு படி. பையனுக்கு நினைவு வந்துவிட்டது.

இரண்டு கைகள் அவன் கணுக்காலைக் கவ்வின.

"மாமா."

"விடுடா. விட்டாத்தான் தூக்க முடியும்."

விடவில்லை. நகம் சதையில் இறங்கியது. ஆபரேட்டரின் தலை கிறுகிறுத்தது. நெஞ்சு வெடித்தது. உதைத்தான். பூட்ஸ் மூக்கில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம். இன்னொரு உதை. பற்கள். கம்பியைப் பிடிக்க வந்த விரல்களை நசுக்கினான். மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான். மனைவியின் குரல் காதில் கேட்டது, அப்போதும் மிதித்தான்.

பிடி விட்டது. கீழே தொப்பென்று ஒரு சத்தம்.

ஓட்டையில் தலையை நீட்டிக் காற்றை விழுங்கினான். அழுகை வந்தது. அப்போதுதான் உள்ளே அலாரம் கத்தத் தொடங்கியது. வாயு அவன் மாட்டிய உயரத்துக்கு வந்திருந்தது. கொஞ்சம் கத்திவிட்டுத் தானாகவே ஓய்ந்தது.

அந்த அமைதியில் சீட்டி கேட்டது. சுருதி சேராத அதே சீட்டி.

ஏணி அதிர்ந்தது. ஒரு படி. இன்னொரு படி. கால்களை மேலே இழுத்துக்கொள்ள அவனுக்குத் தெம்பில்லை. கணுக்காலில் ஒரு கை படிந்தது. உடைந்த விரல்கள், இந்தத் தடவை இறுக்கம் இல்லை, அன்பாகத்தான் பிடித்திருந்தன.

"இறங்கி வாங்க மாமா. இங்க மூச்சே தேவைப்படல."

குனிந்து பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் ரத்தம் வழிந்த முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. சட்டை திறந்திருந்தது. அந்த மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.