மணப்பட்டுக்குப் போகாத எச்சரிக்கை

“உங்க வூட்டுல வந்து கேக்கட்டுமா?”

“இப்ப வேணாம் குமரா. அப்பா ஒத்துக்க மாட்டாரு.”

“சரி.”

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாலையில், வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் நடந்த பேச்சு அவ்வளவுதான். அரியூர் பஸ் வந்தது, ரோஸ்லின் ஏறிக்கொண்டாள். தமிழ்க்குமரன் அப்புறம் கேட்கவே இல்லை. ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, சர்வரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை எட்டு பத்துக்கு அந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வந்தது. அப்போதுதான் மேலாளர் அரிகரன், தமிழ்க்குமரனின் லேப்டாப்பை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

காணாமல் போனவை நாற்பத்து மூன்று எச்சரிக்கைகள். ‘காற்று பலம், இன்று கடலுக்குப் போக வேண்டாம்’ என்று மணப்பட்டுப் படகுக்காரர்களுக்கு அவர்கள் அலுவலகத்திலிருந்து காலை ஐந்தரைக்குப் போக வேண்டிய குறுஞ்செய்திகள். ‘ஏற்கப்பட்டது’ என்று திரையில் பச்சை டிக் விழுந்திருந்தது. ஒரு போனுக்கும் போய்ச் சேரவில்லை. வானத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மற்றவர்கள் கரையில் நின்றுவிட, எழிலரசன் என்ற படகுக்காரர் மட்டும் போனார். படகு கவிழ்ந்து, நீந்திக் கரையேறியிருந்தார்.

“மெசேஜ் வர்லன்னா காத்து இல்லன்னுதான அர்த்தம் தங்கச்சி?” என்றார் போனில். “நாலு வருஷமா அப்டித்தான போறோம்.”

அவர் திட்டியிருந்தால் ரோஸ்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அரிகரன் விசாரணையை ஆரம்பித்தார்.

“காலைல அஞ்சு இருவதுக்கு லாகின் பண்ணியிருக்க. இன்னா வேலை?”

“அப்டேட் முடிஞ்சுதான்னு பாத்தேன் சார்.”

“நாப்பத்து மூணு மெசேஜும் உன் சோதனைக் கண்டெய்னர்ல கெடக்கு. தானா நடந்து வந்துச்சா?”

“தெரியல சார்.”

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அரிகரனுக்கும் தமிழ்க்குமரனுக்கும் வாக்குவாதம் நடந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனில் புகார் கொடுக்கப்போவதாக அரிகரன் சொன்னார். அதுவரை நேரம் கேட்டு வாங்கினாள் ரோஸ்லின்.

அவளுக்கும் சந்தேகம் இல்லாமலில்லை. நான்கு ஆண்டுகள் மனம்விட்டுப் பேசாதவன் உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

9.05. பதிவுகளைத் திறந்தாள். அவர்கள் சர்வரில் ஒவ்வொரு நிரலும் கண்டெய்னர் எனும் தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது. கண்டெய்னர் அணைந்து எழுந்தால் அதன் முகவரி மாறிவிடும், பெயர் மாறாது. பெயரைச் சொல்லி, முகவரிப் புத்தகம் போன்ற டிஎன்எஸ்ஸிடம் கேட்டால் இப்போதைய முகவரியைச் சொல்லும். முன்பு ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மாறாத முகவரி ஒன்று நின்றது. வேகத்துக்காக அதை எடுத்துவிட்டு, கண்டெய்னரின் நேரடி முகவரியையே டிஎன்எஸ் சொல்லும்படி வெள்ளிக்கிழமை மாற்றியவன் தமிழ்க்குமரன். வாக்குவாதமும் அதைப் பற்றித்தான்.

5.14: அப்டேட்டுக்காகக் கண்டெய்னர்கள் அணைந்தன. 5.16: எழுந்தன. 5.30: வெளியிலிருந்து எச்சரிக்கை சர்வருக்கு வந்தது.

செய்தி அனுப்பும் கண்டெய்னரின் முகவரியை டிஎன்எஸ்ஸிடம் கேட்டாள். சரியான முகவரியே வந்தது. அங்கே நேராக ஒரு செய்தி அனுப்பினாள்; அவள் போன் உடனே சிணுங்கியது. எதிலும் குற்றமில்லை.

“சார், காலைல நீங்க எதையாவது தொட்டீங்களா?”

“வாசல் நிரல மட்டும் ஏழே முக்காலுக்கு அணைச்சு மறுபடி போட்டேன். அதுலேர்ந்து நல்லா போவுது. ஏன்?”

வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் வாங்கி உள்ளே அனுப்புவது வாசல் நிரல். அது வேறொரு மெஷினில் இருப்பதால், விடியற்காலை அப்டேட்டில் அணையவில்லை. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. திருடன் உள்ளே இருந்தால் வாசலை அணைத்ததும் எப்படித் திருந்துவான்?

11.20. இருவரையும் அழைத்து, செய்தி அனுப்பும் கண்டெய்னரை வேண்டுமென்றே அணைத்து எழுப்பினாள். பிறகு வாசல் வழியாகத் தன் எண்ணுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினாள். போன் சிணுங்கவில்லை.

“குமரன் கை மேசை மேலதான் இருக்கு. பாத்துக்கங்க சார்.”

அரிகரன் பார்த்தார்.

“வாசல் நிரல் எழுந்திரிக்கும்போது டிஎன்எஸ்ஸ ஒரே ஒரு தடவ கேக்குது. அந்தப் பதிலையே கடைசி வரைக்கும் வெச்சிக்குது. காலைல முகவரி மாறுனப்போ அது திரும்பக் கேக்கல. பழைய முகவரி குமரனோட சோதனைக் கண்டெய்னருக்குப் போயிடுச்சு. இன்னா குடுத்தாலும் வாங்கிக்கிட்டு சரின்னு சொல்றது அது. பச்சை டிக் அப்டித்தான் வந்துச்சு.”

“பத்து செகண்டுக்கு ஒருக்கா திரும்பக் கேளுன்னு ஒரு வரி போட்டிருக்கணுமே,” என்றான் தமிழ்க்குமரன் மெதுவாக. “யாரு எழுதுனது?”

கோப்பின் தலைப்பைத் திரையில் பெரிதாக்கினாள். எழுதியவர் ரோஸ்லின். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணி.

“நான்தான் சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் மாறாத முகவரி முன்னால நின்னதால தப்பு வெளிய தெரியல. புகார்ல என் பேர எழுதுங்க.”

அரிகரன் அலமாரியைத் திறந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னார். மற்றதை நாளை பேசிக்கொள்ளலாம் என்றார்.

சேர்த்தாள். மூன்று முறை கண்டெய்னரை அணைத்து எழுப்பினாள். மூன்று முறையும் போன் சிணுங்கியது.

எழிலரசன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர மணப்பட்டுக்குக் கிளம்பினாள். தமிழ்க்குமரன் கேட்காமலே பைக்கை எடுத்து வந்து நிறுத்தினான்.

“ஒரு பதில நாலு வருஷமா கட்டிக்கினு இருந்திருக்கு உன் வாசல்,” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “திரும்பக் கேக்கத் தெரியல.”

“நீ மட்டும் இன்னாவாம்?”

அவன் சிரிப்பு நின்றது. பைக்கை அணைத்தான்.

“அப்பா போன வருஷமே மாறிட்டாரு,” என்றாள் ரோஸ்லின். “இன்னொரு தடவ கேளேன், குமரா.”