காலிக் கடைகளின் சாவிக்காரன்

தலவாக்கலைக் கீழ்த்தெருவில் திருடுவதற்கு ஏதோ இருக்கிறது என்பதே அந்தச் சனிக்கிழமை காலையில்தான் பலருக்குத் தெரியவந்தது.

காலை 6.40. மூடுபனி ஸ்டேஷன் கூரையை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜூட்சன் பூட்டைத் திறந்து, குறுக்கே கிடந்த இரும்புச் சட்டத்தை இறக்கி, கடைவாசலை அடைத்திருந்த ரோஸ் நிறப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவிச் சுவரில் சாய்த்தான். சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு வருவதுபோல வந்தன. கடைசிப் பலகையையும் எடுத்துவிட்டு, மேடைக் கூத்தாடிபோலக் குனிந்து வழிவிட்டான்.

"வலது காலை வச்சு வா தாயி."

பிரேமினி வலது காலை வைத்தாள். இடது காலை வைக்கவில்லை.

"அண்ணே, மூட்டை எங்க?"

முந்தைய நாள் ரயிலில் கொழும்பிலிருந்து வந்த தீபாவளித் துணி மூட்டை. ஆள் உயரத்துக்குப் பொலித்தீன் சுற்றிக் கட்டியது. அது இருந்த இடத்தில் வெறும் சிமெந்துத் தரை இருந்தது. கடை திறக்க நல்ல நேரம் 9.20 என்று கோயில் ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். துணி இல்லாமல் துணிக்கடை திறப்பதற்கு அவர் பரிகாரம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நாட்டில் டொலர் தீர்ந்துபோன வருடம் கீழ்த்தெருவில் முதலில் மூடியது கேக் கடை. அப்புறம் போன் கடை, போட்டோ ஸ்டூடியோ, ஷிராணியின் சலூன், கடைசியாக றோலண்ட் முதலாளியின் துணிக்கடை. எல்லாக் கதவிலும் 'சிறிது காலத்துக்கு மூடப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. அட்டைகள் ஈரத்தில் உக்கி விழுந்தன. கடைகள் திறக்கவில்லை.

தெருவே படுத்துக்கிடந்தபோது ஒருத்தனுக்கு மட்டும் தொழில் ஓடியது. வாடகைப் புரோக்கர் ஜூட்சனுக்கு. கண்டியிலும் கொழும்பிலும் இருந்த கட்டடக்காரர்கள் சாவிகளை அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். வாரத்துக்கொருமுறை திறந்து காற்றுப் போகவிடுவான். பூனை குட்டி போட்டிருந்தால் அப்புறப்படுத்துவான். யாராவது வந்தால் சுற்றிக்காட்டுவான். வந்தவர்கள் கூரையைப் பார்த்து, தரையைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போவார்கள். இரண்டு வருடமாக ஊரே யோசித்துக்கொண்டிருந்தது.

யோசிக்காமல் எடுத்தவள் பிரேமினிதான். தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்கின் லய வீட்டிலிருந்து தினமும் இறங்கி வந்து, ஒன்பது வருடம் றோலண்ட் கடையில் துணி மடித்தவள். அதே கடையை இப்போது தன் பெயரில் எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கே வயிற்றெரிச்சல். ஒரு மருந்துக்கடை திறந்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

ஜூட்சனுக்கும் கொஞ்சம் எரிந்தது, வேறு கணக்கில். கடை பிடித்துக் கொடுத்து, கரண்ட் எடுத்துக் கொடுத்து, கால் தேய அலைந்தவன் அவன். அவனை அவள் 'புரோக்கர் அண்ணே' என்றாள். கையை வீசிக்கொண்டு வந்து, "பலகைக்கு ரோஸ் அடி, எடுப்பா இருக்கும்" என்று நிறம் மட்டும் சொல்லிவிட்டுப் போன றோலண்டை 'மொதலாளி' என்றாள்.

7.30. சார்ஜன்ட் விமலசேன வந்தார். பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

"உடைச்சது இல்ல. பின் கதவு உள்ளுக்குத் தாழ்ப்பாள். சாவி எத்தன?"

"ரெண்டு சார். ஒண்ணு பிரேமினிகிட்ட. ஒண்ணு எங்கிட்ட."

"நங்கி, இந்தத் தங்கச்சி, சொந்தச் சாமான் களவெடுக்க இல்ல. அப்ப?"

'அப்ப' என்று இழுத்தபடி சார்ஜன்ட் திரும்பினார். ஜூட்சனைப் பார்த்தார். அவரைப் பார்த்துத் தெருவும் அவனைப் பார்த்தது.

"நேத்து எப்ப பூட்டினது?"

"ஆறுக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிஞ்சுது சார்."

"பூட்ட அரை மணித்தியாலமா?"

"பலகை சார். பழைய கடை. ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகைக்கு ஏத்த மாதிரி தேஞ்சிருக்கு. எது எதுக்குப் பக்கத்திலன்னு தலையில நம்பர் போட்டிருந்துச்சு. பெயிண்ட் அடிச்சதில நம்பர் போயிருச்சு. நானும் பிரேமினியும் ஆட்டோ மாயாண்டியண்ணனும் உதைச்சு உதைச்சு ஏத்தினோம். கடைசிப் பலகை ரெண்டு விரக்கடை வெளிய நின்னுச்சு. அண்ணன் முதுகக் குடுத்து நெருக்கினாரு, நான் சட்டத்தப் போட்டேன்."

"வரிசை எப்படின்னு றோலண்ட் மொதலாளியக் கேட்டோம் சார்," என்றாள் பிரேமினி. "கொடையப் புடிச்சுக்கிட்டு ரோட்டில நின்னாரு. 'ரெண்டு வருசமாச்சே, எல்லாம் மறந்து போச்சும்மா'ன்னு சிரிச்சாரு."

"அதுக்குப் பொறகு சாவி?"

ஜூட்சன் உள்ளதைச் சொன்னான். சாவிக்கொத்து கனம். மாலையில் அதைத் தெருமுனையில் ராசம்மாவின் தேத்தண்ணிக் கடை ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே கேரம் விளையாடுவான். எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஊருக்கே தெரிந்த வழக்கம்.

"அந்த நேரம் அங்க யாரு?"

கூட்டத்தில் நின்ற ராசம்மா முந்திக்கொண்டாள். "ஷிராணி, மாயாண்டி, றோலண்ட். பனியில மத்த ஆள் யாரும் இல்லைங்க. மூணு பேரும் நடுவில ஒருக்கா வெளிய போய் வந்தாங்க. ஆனா தெருவுக்குள்ள வாகனம் ஒண்ணும் வரல, வெளிய ஒண்ணும் போகல. எங் கடையத் தாண்டித்தான போவணும்?"

சார்ஜன்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டு மணிக்கு நீங்க பொலிசுக்கு வரணும். சாவி எல்லாம் எடுத்து."

ஜூட்சனுக்குக் குளிர்ந்தது. பொலிஸைவிட அவனுக்குப் பயம் சாவிகளின் மேல்தான். ஒரு சாவியில் சந்தேகம் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லாச் சாவியையும் திருப்பிக் கேட்பார்கள். அப்புறம் அவனும் தெருவில் யோசித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு ஆள்.

வாகனம் போகவில்லை என்றால் மூட்டையும் போகவில்லை. அவன் கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூடியோவைத் திறந்தான். அங்கே இருந்தது. கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. கூரை ஒழுகும் மூலையை விட்டுத் தள்ளி, சுவரில் படாமல் ஒரு சாண் இடம் விட்டு, இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் ஏற்றி வைத்திருந்தது.

பிரேமினி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சார்ஜன்ட் அழவில்லை.

"இந்தக் கடைச் சாவியும் உங்ககிட்டயா?"

"ஆமா சார்."

"நல்லம்," என்றார் சார்ஜன்ட். அந்தச் சொல்லில் நல்லது எதுவும் இல்லை.

ஜூட்சன் யோசித்தான். திருடியவன் விற்கவில்லை, பிரிக்கவில்லை, ஒரு துண்டு எடுக்கவில்லை. இடம்தான் மாற்றியிருக்கிறான். இன்றைக்குக் காலை அந்தக் கடை திறக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அப்படியானால் பொறாமை. பொறாமைக்காரரைப் பிடிப்பதென்றால் தெருவையே லொறியில் ஏற்றவேண்டும். ஆனால் நேற்று ஆணிக்குக் கிட்ட இருந்தது மூன்று பேர்.

8.15. ராசம்மா கடை.

"அக்கா, நேத்து வெளிய போனீங்களே, எங்க?"

ஷிராணி தேத்தண்ணியை ஊதினாள். "கக்கூசுக்கு. அதையும் எழுதிக்குங்க."

"பிரேமினி கடை எடுத்ததில உங்களுக்கு..."

"எரிஞ்சுச்சு. இப்பவும் எரியுது. துணி மடிச்ச புள்ள மொதலாளியாகும், தலை முடிச்ச நான் வீட்டில குந்தியிருக்கணுமா? ஆனா ஒண்ணு தம்பி. நான் எடுத்திருந்தா நெருப்பு வச்சிருப்பேன். பெட்டி மேல தூக்கி வச்சுத் தாலாட்டா பாடியிருப்பேன்?"

அடுத்தது மாயாண்டி.

"ஆட்டோவில தண்ணி ஒழுகுதான்னு பாக்கப் போனேன். டேய், அந்த மூட்டைய ஸ்டேஷன்லருந்து எறக்கி எம் முதுகு போச்சு. கூலி கேட்டதுக்கு அந்தப் புள்ள பேரம் பேசுச்சு. சும்மா மறுபடி இழுப்பேனா நான்?"

றோலண்ட் முதலாளி கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கம்பளிக் கோட்டு, தேய்ந்த சப்பாத்து. கடை மூடிய பிறகும் காலையில் முகம் வழித்துத் தெருவுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை.

"சிகரெட் வாங்கப் போனேன்ப்பா. எங் கையில வளர்ந்த புள்ள அது. அது நல்லா வரணும்னு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறவன் நான்."

மூன்று பதில்களும் நன்றாகத்தான் இருந்தன. ஜூட்சன் கடைவாசலுக்குத் திரும்பி வந்து நின்றான். உள்ளங்கையைப் பார்த்தான். நேற்றுப் பலகையை நெருக்கியபோது பட்ட சிராய்ப்பு இன்னும் எரிந்தது. அது நேற்றைய சிராய்ப்பு. இன்றைக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

சட்டத்தையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்திருந்த பலகைகளை மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாகக் கலைத்து அடுக்கினான்.

"பிரேமினி, மூட்டையப் பிரி. துணியெல்லாம் வாசல் ஓரமா வரிசையா வை."

"வாசல்லயா? மழை இருட்டிக்கிட்டு வருதேண்ணே!"

"அதுக்குத்தான்."

8.50. மழை வந்தது. மேல்மலையிலிருந்து சாய்வாக, காற்றோடு, நேரே கடைக்குள். பிரேமினி கத்தினாள். அது நடிப்பில்லை.

"பலகையப் போடுங்க! ஓடி வாங்க!"

மாயாண்டி ஓடிவந்தார். மூன்று போட்டார், நாலாவது ஏறவில்லை. உதைத்தார். பலகை அவரைத் திரும்ப உதைத்தது. ஷிராணி, "தள்ளுய்யா, ஆம்பளையாம்" என்று ஒன்றைத் தூக்கித் தலைகீழாகச் செருகினாள். தேத்தண்ணிக் கடைக் கூட்டம் முழுக்க யோசனை சொல்லியது. முதல் வரிசைச் சேலைகளில் சாரல் விழுந்து புள்ளி புள்ளியாக நிறம் மாறியது.

றோலண்ட் குடைக்குள் நின்றார். ஒரு நிமிஷம் நின்றார். பச்சைப் பட்டின் மேல் தண்ணீர் ஓடியபோது குடை கீழே விழுந்தது.

"நகருங்கடா மாடுகளா! துணி நனையுதுடா!"

செருகியிருந்ததை எல்லாம் உருவி எறிந்தார். கட்டைவிரலைப் பலகையின் ஓரத்தில் ஓட்டிப் பார்ப்பார், வைப்பார். அடுத்தது, ஓரம், விரல், வைப்பார். கண் பலகையில் இல்லை, துணியில் இருந்தது. கடைசிப் பலகை சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. நூல் நுழைய இடம் இல்லை.



"எல்லாம் மறந்து போச்சுன்னீங்களே மொதலாளி," என்றான் ஜூட்சன்.

ஸ்டூடியோ வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற சார்ஜன்ட் பக்கம் ஜூட்சன் திரும்பினான்.

"சார், நேத்து மூணு பேர் உதைச்சு ஏத்தினோம். ரெண்டு விரக்கடை வெளிய நின்னுச்சு. இன்னைக்குக் காலையில நான் ஒத்தை ஆளா உருவினேன், வெண்ணெய் மாதிரி வந்துச்சு. அப்ப எனக்கு உறைக்கல. நடுவில யாரோ எல்லாத்தையும் கழட்டி, பனியில, இருட்டில, நம்பர் இல்லாம, சரியா அடுக்கியிருக்காங்க. திருட வந்தவன் செஞ்ச ஒரே பிழை, சரியாச் செஞ்சதுதான். மூட்டையச் சாய்ச்சு உருட்டிப் பெட்டி மேல ஏத்தி, சுவர்ல ஈரம் படாம ஒரு சாண் தள்ளி வைக்கிறது சலூன்காரிக்கும் தெரியாது, ஆட்டோக்காரனுக்கும் தெரியாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "ரோஸ் அடிக்கச் சொன்னதும் நீங்கதான் மொதலாளி. நம்பர் மறைஞ்சு நாங்க திண்டாடட்டும்னு. மூட்டைய எடுக்கப் பாதிப் பலகை கழட்டினா போதுமே. மத்ததையும் எதுக்குக் கழட்டினீங்க?"

"கோணிக்கிட்டு நின்னுச்சுடா," என்றார் றோலண்ட். குரல் உடைந்திருந்தது. "எங் கடை வாசல். பாக்கச் சகிக்கல."

பிரேமினி பின் கதவைத் திறந்து, பக்கத்துச் சந்தால் சுற்றி முன்னே வந்தாள். தலை நனைந்திருந்தது.

"ஏன் மொதலாளி?"

அவர் அவளைப் பார்க்காமல் பேசினார்.

"நான் மூடினப்போ எல்லாரும் மூடினாங்க. டொலர் இல்ல, துணி வரல, சனத்துக்கிட்ட காசில்ல. யார் கேட்டாலும் அதச் சொன்னேன். என் சம்சாரத்துக்கிட்டயும் அதத்தான் சொன்னேன். இந்தக் கடை காலியா இருக்கிற வரைக்கும் அது நாட்டோட பிழை. நீ தொறந்து, நாலு சனம் வந்து, தீபாவளிக்கு யாவாரம் நடந்துச்சுன்னா? அப்ப பிழை யாருது? இதே கடை, இதே தெரு, நான் சம்பளம் குடுத்த புள்ள." அவர் மூக்கைத் துடைத்தார். "இன்னைக்கு ஒரு நாள் தள்ளிப்போகட்டும்னு நெனச்சேன். நல்ல நேரம் தப்பினா நீ பயந்து விட்டுருவேன்னு நெனச்சேன்."

சார்ஜன்ட் பேனாவைத் திறந்தார். "நங்கி, முறைப்பாடு எழுதவா?"

பிரேமினி சார்ஜன்டின் பேனாவைப் பார்த்தாள். நனைந்த பச்சைப் பட்டை வெளியே எடுத்து வந்திருந்தாள். அதைப் பிழிந்தாள்.

"வேணாம் சார். மொதலாளின்னு கூப்பிட்ட வாயால கேஸ் குடுக்க முடியாது." றோலண்டை நேரே பார்த்தாள். "ஆனா இனிமே அப்படிக் கூப்பிடவும் முடியாது. நான் தொறந்தாலும் மூடினாலும் உங்க கடை மூடினது மூடினதுதான் அண்ணே. வீட்டுக்குப் போங்க."

'அண்ணே' என்ற சொல் அவருக்கு எங்கே பட்டதோ, அவர் குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் நடந்தார். 'மொதலாளி' என்ற சொல்லுக்காக இத்தனை நாள் பொருமிய ஜூட்சனுக்கு, ஜெயித்த மாதிரி இல்லை.

மழை விட்டிருந்தது. 9.20க்குக் கடை திறந்தது. சேலைகளில் சில வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. அது விளம்பரம் என்று நினைத்துத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர். ஷிராணி வந்தாள். ஒவ்வொரு துணியையும் தடவி, "இதெல்லாம் ஒரு துணியா" என்றாள். ஒரு பாவாடைத் துணி வாங்கினாள். வாசலில் நின்று, உள்ளே இருந்த கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பிறகு ஜூட்சனிடம் வந்தாள்.

"எஞ் சலூன் சாவி உங்கிட்டதான?"

"எங்கிட்டத்தான் அக்கா. ஏன், யோசிச்சுச் சொல்றீங்களா?"

"என்னத்த யோசிக்கிறது? அவ மட்டும் தொறந்து வச்சிருப்பா, நான் எதிர்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? குடுடா."

ஜூட்சன் கொத்திலிருந்து சாவியைக் கழற்ற ஆரம்பித்தான். கழற்றி முடிக்கும்வரை அவள் பொறுக்கவில்லை. கொத்தோடு பறித்துக்கொண்டு சலூனைப் பார்த்து நடந்தாள்.