அழைத்த பின் உள்ளே வரவும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கொடுத்த அறை மூன்றாவது மாடி நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களும், காதலன் கையால் அடிபடுகிறவர்களும் வந்து பேசுவதற்கான அறை. வெளியே காத்திருக்க ஒரு மர பெஞ்சு. கதவில், 'அழைத்த பின் உள்ளே வரவும்' என்ற பலகை.

ஆலோசகராகச் சேர்ந்த நாளிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். "புகாரே இல்லைன்னா நல்லதுதானே மேடம்?" என்று பதிவாளர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒருத்திக்குக்கூடவா கஷ்டம் இல்லை? பேச ஆளில்லாமல் மின்விசிறியோடு பேசத் தொடங்கியிருந்தேன். அதுவாவது தலையாட்டியது.

ஒன்று மட்டும் உறுத்தியது. சாயங்காலம் பூட்டும்போது கைப்பையை பெஞ்சில் வைப்பேன். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல அது வெதுவெதுப்பாக இருக்கும். அந்தப் பக்கம் வெயிலே படாது.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மதியம், கீழே தண்ணீர்க் குழாயருகே ஒரு மாணவி என்னை நிறுத்தினாள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள்.

"கடைசி ரூம் மேடம் நீங்கதானே? நான் எத்தனையோ தடவை வந்தேன். வெளியில ஒரு அக்கா ஈரத் தலையோட உட்கார்ந்திருந்தாங்க. அவங்க முதல்ல பேசட்டும்னு திரும்பிட்டேன். என் ரூம்மேட்டும் அப்படித்தான் திரும்பினா."

அந்த பெஞ்சில் நான் யாரையும் பார்த்ததே இல்லை; அவளுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"இன்னிக்கு ராத்திரி என் லவ்வர் வரச் சொல்லியிருக்கான் மேடம்." அவள் கை ஸ்கார்ஃபுக்குப் போனது. "போனா உயிரோட திரும்புவேனான்னு தெரியல. போகலைன்னா தேடி வருவான்."

அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு ஏறினேன். படியில் பியூன் நின்றிருந்தார். அந்த பெஞ்சைப் பற்றிக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய மேடம் கூப்பிட்டாத்தான் உள்ள போகணும். ஒரு மழை நாள்ல ஒரு பொண்ணு நனைஞ்சுபோய் வந்து காத்திருந்துச்சு. மீட்டிங்குக்குப் போன மேடம், அதை மறந்து அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. வேற போக்கில்லாம அது தன்னை அடிச்சவன்கிட்டயே திரும்பிப் போச்சு. மறுநாள் உயிரோட இல்ல."

நடைக்கூடத்தின் முனையில் மாணவி நின்றுவிட்டாள்.

"இருக்காங்க மேடம்."

பெஞ்சு காலியாக இருந்தது.

ஈரக் கூந்தலின் வாசனை வந்தது.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இவள் எங்கே ஓடுவாள்? பலகையைப் பிடுங்கி எறிந்தேன். கதவை விரியத் திறந்தேன். காலி பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன்.

"உள்ள வாம்மா. இவ்வளவு நாள் காக்க வச்சுட்டோம்."

பெஞ்சு முனகியது.

குளிர்ச்சியாக ஏதோ என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

எதிர் நாற்காலி தானாக நகர்ந்தது. என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவளிடம் யாரும் சொல்லாததைச் சொன்னேன்.

"நான் உன்னை நம்புறேன்."

நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது. அது என்னுடையது அல்ல.

பிறகு மாணவி வந்து உட்கார்ந்து ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். கழுத்தில் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. அழுது, பேசி, மறுபடி அழுதாள். பொழுது சாய்வதற்குள் காவலாளி உள்ள வேறு விடுதியில் அவளுக்கு அறை வாங்கினேன். அவன் வளாகத்துக்குள் கால்வைக்கக் கூடாது என்று பதிவாளரிடம் சண்டை போட்டு உத்தரவும் வாங்கினேன். இன்றிரவு அவள் அவனிடம் போக வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக மனசு நிறைந்தது.

அவளைப் புது அறையில் விட்டுவரக் கிளம்பினோம். விளக்கை அணைத்துப் பூட்டப்போனேன்.

"ஏன் மேடம் பூட்டுறீங்க?" என்றாள் மெதுவாக. "அந்த அக்கா எழுந்ததும் இன்னொருத்தங்க உட்கார்ந்துட்டாங்க. அவங்களுக்குப் பின்னாடி, படி வரைக்கும் நிக்கிறாங்களே."

பெஞ்சைத் தொட்டேன்.

சுட்டது.